பெட்டிக்குள் போடுவதும் பெட்டியைப் பார்ப்பதும்: ஜியோகேஷிங்கின் கொடுக்கல் வாங்கல்

ஆவணி விடுமுறைக்கு கனடாவிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்த பிள்ளை ஒன்று, ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டியதும் வானை நிறுத்தச் சொல்லி இறங்குகிறது. போனைப் பார்த்தபடி மதகடியில் குனிந்து எதையோ தேடுகிறது. சைக்கிளில் போகிறவர் கால் ஊன்றி நின்று, "என்ன தம்பி, புதையலோ?" என்கிறார். பிள்ளைக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரியாது. தாய் தகப்பனுக்கு விளையாட்டே தெரியாது. வன்னியில் நிலத்தைக் குனிந்து தேடுகிற எவரையும் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது.

அந்த விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். ஒளித்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் பாதிதான் விளங்கும். முகம் தெரியாத ஒருவர் தன் காசிலும் நேரத்திலும் ஒன்றை வைத்துவிட்டுப் போக, முகம் தெரியாத இன்னொருவர் அதை அனுபவிக்கிறார் என்பதுதான் இதன் அடித்தளம். இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது, வன்னி மண்ணில் அதைச் செய்வதென்றால் என்னவெல்லாம் மாறும் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில், விளையாட்டு என்ன?

ஒருவர் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றை ஒரு பொது இடத்தில் ஒளித்துவைக்கிறார். உள்ளே சின்னக் கொப்பி ஒன்றும் பென்சில் ஒன்றும் இருக்கும், பெட்டி பெரிதென்றால் சில சில்லறைச் சாமான்களும் இருக்கும். அந்த இடத்தின் ஆள்கூறுகளை, அதாவது அகலக்கோடு நெடுங்கோட்டு எண்களை, இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு அங்கே போய்த் தேடி எடுத்து, கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி, பெட்டியை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வருகிறார்கள். பிறகு இணையத்தில் நாலு வரி பதிகிறார்கள். பெட்டி சாப்பாட்டுப் பெட்டி அளவிலும் இருக்கலாம், பழைய கமரா பிலிம் றோல் குப்பி அளவிலும் இருக்கலாம்.

இது தொடங்கிய நாள் தெளிவாகத் தெரியும். பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகள் சரியாக வேலை செய்யக்கூடாதென்று அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி வைத்திருந்தது, அதனால் கருவி 100 மீற்றர் வரை தவறாகக் காட்டும். 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்ற ஊருக்குக் கிட்ட ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, மென்பொருள், ஒரு கெற்றப்போல், ரின்னில் அடைத்த அவரை எல்லாம் இருந்தன. அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கொஞ்சம் எடு, கொஞ்சம் வை. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டெம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்று ஒரு தளத்தைத் தொடங்கினார். சியாட்டிலில் உள்ள நிறுவனம் ஒன்று இன்றும் அதை நடத்துகிறது. உலகம் முழுக்க இப்போது 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. ‘கேஷ்’ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். காட்டில் வேட்டைக்குப் போனவர்கள் பிறகு எடுக்கவென்று உணவையும் சாமானையும் ஒளித்துவைத்த இடத்துக்கு அந்தப் பெயர்.

கொடுக்கல் வாங்கலில் இரண்டு அடுக்கு

மேலடுக்கு எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியுள்ள அல்லது அதைவிடக் கூடிய ஒன்றை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் விளையாட்டே. ஆனால் நடைமுறையில் இந்த விதி மெல்ல மெல்லத் தோற்றுப்போகிறது. நல்ல பொம்மைக் காரை எடுத்தவர் திறப்புக்கோர்வை வைக்கிறார், அதை எடுத்தவர் ஒரு பட்டன் வைக்கிறார், பட்டனை எடுத்தவர் பஸ் ரிக்கற் வைக்கிறார். ஒவ்வொருவருக்கும் தான் வைத்தது சரிசமம் என்றுதான் தோன்றும். இரண்டு வருடம் போனால் பெட்டிக்குள் மிஞ்சுவது துருப்பிடித்த நாணயமும் கால் உடைந்த டைனோசரும்தான். அதனால் அனுபவமுள்ளவர்கள் பலர் எதையும் எடுப்பதில்லை, எதையும் வைப்பதில்லை, கொப்பியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். என் கணக்கில் இந்தச் சாமான் மாற்றம் விளையாட்டின் மிகச் சின்னப் பகுதி.

கீழடுக்குத்தான் பெரியது, அது கண்ணுக்குத் தெரியாது: பெட்டியை வைத்துப் பராமரிக்கிறவரின் உழைப்பு. நம் ஊர் ஆட்களுக்கு இதைப் புரிய வைக்க உதாரணம் தேடி அலையத் தேவையில்லை. திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். பந்தல் போடுவது ஒரு நாள் வேலை, கிடுகும் நாலு கம்பும் இருந்தால் முடிந்தது. பானையை நிரப்புவதோ திருவிழா முடியும்வரை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை. சுமைதாங்கிக் கல் நட்டவரும் ஆவுரோஞ்சிக்கல் நட்டவரும் இப்படித்தான், யார் சுமை இறக்கினார், எந்த மாடு வந்து உரசிற்று என்று அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கல்லுக்கு ஒரு வசதி, அது நனைந்து ஊறாது. ஜியோகேஷிங் பெட்டி தண்ணீர்ப் பந்தல் வகை. வைத்தவர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

முறிகண்டியில் இறங்கிப் பாருங்கள். ஏ9 இல் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும். கால் கழுவி, உண்டியலில் சில்லறை போட்டு, தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவோம். உடைக்கிறவர்களுக்குக் குறைவில்லை. சிதறிய சிரட்டையைக் கூட்டி அள்ளுகிறவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பெட்டி வைப்பவர் தலையில் விழுகிற வேலையைக் கணக்குப் போட்டால் இப்படி வரும். தண்ணீர் புகாத பெட்டி வாங்க வேண்டும். காணிக்காரரிடம் அல்லது பொறுப்பான அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஆள்கூறுகளைப் பல தடவை எடுத்துச் சரிபார்க்க வேண்டும், இடத்தைப் பற்றி எழுத வேண்டும், கொப்பி நிரம்பினால் மாற்ற வேண்டும், காணாமல் போனால் திரும்ப வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் விபரத்தையும் வெளியிடுவதற்கு முன் சரிபார்க்கிறவர்களும் சம்பளமில்லாத தொண்டர்கள்தான். நிறுவனம் தளத்தை நடத்திச் சந்தா வாங்குகிறது. பெட்டியும் உழைப்பும் விளையாடுகிறவர்களுடையவை. இது நியாயமா என்று விளையாடுகிறவர்களே தங்களுக்குள் வாதாடுவதுண்டு. சந்தா இல்லாத ஓபன்கேஷிங் தளங்கள் தனியாக வளர்ந்ததற்கு அந்த வாதமும் ஒரு காரணம்.

எடுத்தவர் என்ன கொடுக்கலாம்?

1. உண்மையான பதிவு. பலர் ‘ரி.எஃப்.ரி.சி.’ என்று நாலு எழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், பெட்டிக்கு நன்றி என்பதன் சுருக்கம் அது. வைத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கொப்பியின் கடைசி மூன்று தாள் நனைந்து ஒட்டியிருந்தது. மூடியின் றப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. இப்போதைக்குப் புதுப் பொலித்தீன் பைக்குள் போட்டுவைத்தேன். மரத்தடியில் எறும்புப் புற்று இருக்கிறது, பிள்ளைகளோடு வருகிறவர்கள் கவனம்." வைத்தவர் வீட்டிலிருந்தபடியே பெட்டியின் நிலைமையைப் பார்த்துவிடுவார். அடுத்து வருகிறவருக்கும் எறும்புக்கடி மிச்சம்.

2. கிடைக்காவிட்டால் அதையும் பதியுங்கள். ‘கண்டுபிடிக்கவில்லை’ என்று போட வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடுகிறவர்கள் நிறைய. நாலு பேர் அப்படிச் சும்மா இருந்தால், பெட்டி போய் மாதக்கணக்கானது வைத்தவருக்குத் தெரியவே வராது, ஐந்தாவது ஆள் பெற்றோல் செலவழித்து வந்து வெறுங்கையோடு திரும்புவார்.

3. சின்னப் பராமரிப்பு. ஒரு பழந்துணி, இரண்டு சிப் போட்ட பொலித்தீன் பை, ஒரு கட்டைப் பென்சில் பையில் இருந்தால் போதும். பேனை வேண்டாம், வெயிலில் மை காய்ந்துவிடும்.

4. பயணச் சாமான்களைத் தடுத்து வைக்காதீர்கள். சில பெட்டிகளில் எண் பொறித்த உலோகத் தகடு கட்டிய பொருள் ஒன்று கிடக்கும். அது யாருக்கும் பரிசில்லை. பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்ய விடப்பட்டது, எங்கே எடுத்தோம் எங்கே வைத்தோம் என்று அந்த எண்ணைக் கொண்டு பதிய வேண்டும். வீட்டு ஷோகேஸில் வைத்தால் அதன் பயணம் அங்கேயே முடிந்தது. கொண்டுபோய் வைக்க உங்களுக்கு வசதியில்லை என்றால் எடுக்காமல் விடுவதே மேல்.

5. பாராட்டுப் புள்ளி. சந்தா கட்டியவர்களுக்கு 10 பெட்டி கண்டுபிடித்தால் ஒரு புள்ளி கிடைக்கும், பிடித்த பெட்டி ஒன்றுக்கு அதைக் கொடுக்கலாம். காசு பெறாது, ஆனால் வைத்தவருக்கு அது பெரிய சந்தோஷம்.

6. குப்பை பொறுக்குதல். பெட்டி தேடப் போகும்போதே ஒரு பையும் கொண்டுபோய், வழியில் கிடக்கும் குப்பையை அள்ளி வருவது 2002 இலிருந்து இந்த விளையாட்டில் ஒரு இயக்கமாகவே நடக்கிறது, அதற்கென்று கூடிச் செய்யும் நாட்களும் உண்டு. நமக்கு இது புதிதே இல்லை, சிரமதானம். குளக்கட்டில் லஞ்ச் சீட்டும் போத்தலும் கிடக்காத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதில் மழைத்தண்ணி தேங்கி நிற்கிற யோகட் கப்பை முதலில் அள்ளுங்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

கெடுதல் செய்கிற தாராளம்

கொடுப்பதெல்லாம் நன்மை என்று நினைக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தேடிப் போனவருக்குப் பெட்டி கிடைக்கவில்லை. ‘பாவம், தொலைந்துவிட்டது போல’ என்று தானே கையிலிருந்த குப்பி ஒன்றை அங்கே வைத்து, அதில் தன் பெயரை எழுதி, கண்டுபிடித்துவிட்டதாகப் பதிந்துவிடுகிறார். பார்வைக்குப் பெரிய உதவி. உண்மையில் நடப்பது வேறு. பழைய பெட்டி பெரும்பாலும் இரண்டு அடி தள்ளி அப்படியே இருக்கும், இப்போது ஒரே இடத்தில் இரண்டு பெட்டி. அடுத்து வருகிறவர்களில் பாதிப் பேர் ஒன்றிலும் மீதிப் பேர் மற்றதிலும் எழுதுவார்கள். புதுக் குப்பியைப் பராமரிக்க ஆள் கிடையாது, ஏனென்றால் அதை வைத்தவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார், பெட்டிக்குச் சொந்தக்காரருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த ஆள் கொடுத்ததாகத் தெரிந்தாலும், கண்டுபிடிப்புக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொண்டதுதான் மிச்சம். சொந்தக்காரரைக் கேட்காமல் மாற்றுப் பெட்டி வைக்காதே என்று விளையாட்டின் வழிகாட்டி சொல்வது இதனால்தான்.

சாப்பாட்டுச் சாமான் வைப்பதும் இதே கதை. பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்று ரொபி நாலு போட்டுவிட்டு வருவார்கள். மறுநாள் எறும்பு, அதற்கு மறுநாள் குரங்கு. பெட்டியைக் கடித்துக் குதறி எறிந்துவிட்டுப் போகும். உல்மரின் வாளியில் அவரை ரின் இருந்தது உண்மைதான், இன்றைய விதிகளில் உணவுக்கு இடமில்லை. கத்தி, மதுபானம், பட்டாசு, வெடிபொருள் எதற்கும் இடமில்லை.

வன்னியில் என்ன மாறும்?

வெளிநாட்டு விதிகளை அப்படியே கொண்டுவந்து இங்கே விரிக்க முடியாது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பிழை வட்டம். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீற்றர் முன்பின் காட்டும், மரங்களுக்குக் கீழே இன்னும் கூடும். வைத்தவரின் போனிலும் பிழை, தேடுகிறவரின் போனிலும் பிழை. ஆகவே தேடுகிறவர் ஒரு புள்ளிக்குப் போவதில்லை, ஒரு வட்டத்துக்குள் பற்றைகளை விலக்கிச் சுற்றுகிறார். பெட்டி இருக்கிற இடம் மட்டும் பாதுகாப்பானதாக இருந்தால் போதாது, அதைச் சுற்றி 20 மீற்றராவது பாதுகாப்பாக இருக்க வேண்டும். போனின் அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும், அதற்குப் பற்றையும் தெரியாது, எச்சரிக்கைப் பலகையும் தெரியாது.

2. மிதிவெடி. இந்த வட்டத்தை வன்னி நிலத்தில் வைத்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று விளங்கும். 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்கி முடிக்க 2028 ஜூன் 1 வரை தவணை. கலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களும் இராணுவப் பிரிவும் ஆண்டுக்கணக்காக இந்த வேலையில் இருக்கின்றன. முகமாலைப் பக்கம் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்களில் எங்கள் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள், போரில் குடும்பத் தலைவரை இழந்தவர்கள் பலர். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும் வெடிக்காத எறிகணை கிடக்கலாம். ஆகவே இங்கே பெட்டி வைப்பதென்றால் நாளாந்தம் சனம் நடக்கிற இடம் மட்டும்தான்: சந்தை, பொதுப் பூங்கா, குளக்கட்டின் நடைபாதை. காடு, கைவிட்ட காணி, பழைய மண் அரண் பக்கம் வேண்டவே வேண்டாம். தேடும்போது இரும்பாக ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ சொல்ல வேண்டும்.

3. பெட்டியின் தோற்றம். பாலத்தடியிலும் மதகுக்குள்ளும் ரேப் சுற்றிய பெட்டி ஒட்டுவது மற்ற நாடுகளில் சாதாரணம். கிளைமோர் குண்டுகள் வெடித்த காலத்தில் இதே வீதிகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அப்படி ஒரு பெட்டியைக் கண்டால் என்ன தோன்றும்? இங்கிலாந்திலேயே 2011 இல் வெதர்பி என்ற ஊரில் கடைக்கு வெளியே இருந்த ஒரு பெட்டியைக் குண்டென்று பயந்து, தெருவை மூடி, இராணுவத்தின் வெடிபொருள் பிரிவு வந்து அழித்தது. இங்கே பயப்பட இன்னும் அதிகம் காரணம் இருக்கிறது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்ரிக் பெட்டியாக வையுங்கள். வெளியே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ‘இது ஒரு விளையாட்டுப் பெட்டி’ என்று ஒட்டுங்கள். இராணுவம் கழித்துவிட்ட பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம்.

4. புதையல் பேச்சு. புதைத்த தங்கம் தேடுகிறார்கள் என்று வன்னியில் அடிக்கடி கதை கிளம்பும், அனுமதியில்லாமல் தொல்பொருள் இடத்தில் தோண்டுவது சட்டப்படி குற்றமும்கூட. நல்ல வேளையாக, நிலத்தைத் தோண்டிப் பெட்டி புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் பொது விதி. மண்வெட்டியோடு யாராவது வந்தால் அவர் விளையாட வரவில்லை.

5. அனுமதி. கோயில் வீதி என்றால் பரிபாலன சபை, குளக்கட்டு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், பூங்கா என்றால் பிரதேச சபை. சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவுக்குள் நினைக்கவே வேண்டாம். பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மேலே சொன்ன சைக்கிள்காரர் முதலில் போய் விசாரிக்கப்போவது அவரிடம்தான்.

பெட்டியே இல்லாத பெட்டி

இவ்வளவு தலையிடி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2004 இல் தொடங்கிய எர்த்கேஷ் என்ற வகையில் பெட்டியே கிடையாது. ஆள்கூறுகள் உங்களை ஒரு நிலத்தோற்றத்துக்குக் கொண்டுபோகும். அங்கே நின்று பார்த்து, அந்த மண்ணையோ கல்லையோ பற்றிய கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். வைப்பவர் கொடுப்பது அறிவு மட்டும், நனைய ஒன்றுமில்லை, பயப்பட ஒன்றுமில்லை. நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி இதற்கும் வேண்டும்.

வன்னிக்கு இது நன்றாகப் பொருந்தும். இரணைமடுப் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் சேர்ந்த படிவுக்குப் புவியியலாளர்கள் இரணைமடுப் படிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கற்கால மனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்த படிவு அது. கட்டில் ஏறிக் குளத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் எங்கே முடிகிறது, வன்னியில் குளம் கட்டித் தண்ணி மறிக்க, யாழ்ப்பாணத்தில் ஏன் கிணறு வெட்டினார்கள் என்று கேட்டாலே ஒரு நல்ல எர்த்கேஷ் ஆகிவிடும். நந்திக்கடலும் கடலும் சந்திக்கிற மணல் திட்டு இன்னொன்று, ஆனால் அந்த இடத்தில் விளையாட்டுக் கேள்வி வைப்பதா என்று ஒரு தரம் அல்ல, பத்துத் தரம் யோசிக்க வேண்டும். 2009 இல் அங்கே என்ன நடந்ததென்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதாகப் பொறித்து வெள்ளையர் நட்ட கல்லின் இடம் இருக்கிறது. அந்தத் திகதியின் எண்களைக் கொண்டு அடுத்த இடத்தின் ஆள்கூறுகளைக் கண்டுபிடிக்கிற மாதிரிப் பல கட்ட விளையாட்டு ஒன்றை ஒட்டுசுட்டானுக்குள்ளேயே அமைக்கலாம், கடைசிப் பெட்டியை ஊருக்குள் ஒரு கடையில் சொல்லி வைத்தால் போதும்.

விமானம் ஏறிய பிறகு

வெளிநாட்டுப் பிள்ளை ஊரில் ஒரு பெட்டி வைக்க ஆசைப்படும், ஆசை நல்லதுதான். ஆனால் பெட்டிக்குக் கிட்ட இருந்து பார்க்க ஆளில்லாவிட்டால், விபரத்தைச் சரிபார்க்கிற தொண்டர்கள் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். விடுமுறைப் பெட்டி என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. ரொறொன்ரோவில் இருந்துகொண்டு மாங்குளத்துப் பெட்டியின் கொப்பியை மாற்ற முடியாது.

ஊரில் இருக்கிற மச்சானோ சித்தப்பாவோ பொறுப்பெடுப்பதாகச் சொல்லி, அவர் பெயரையும் பதிவில் போட வேண்டும். அவருக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்து, எப்படிப் பதிவது என்று காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. செலவுக்குக் காசு அனுப்புவதைவிட இது முக்கியம், ஏனென்றால் மொத்தச் செலவே ஒரு கொப்பியும் றப்பர் வளையமும்தான், குறைவது போய்ப் பார்க்கிற ஆள். ஐப்பசி கார்த்திகை மாரியில் மதகெல்லாம் நிறைந்து ஓடும், பெட்டி உயரத்தில் இல்லாவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும், உயரத்தில் இருந்தாலும் ஈரம் ஏறும். தை பிறந்து வெயில் வந்ததும் ஒருவர் போய்த் திறந்து, கொப்பியைத் தட்டிக் காயவைத்து, வளையத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை விமானம் ஏற முன்பே பேசி முடித்துவிடுங்கள்.